மஞ்சக்கண்ணன் வீடு

கல்லடித்துறை
4 பிப்ரவரி 2024

ஜினிஷாவுக்கு,

நலம் என்று எழுதமாட்டேன். எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் உடனே அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ பெங்களூர் திரும்பிய நாளிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. இனி எடுக்கவும் போவதில்லை. "அப்பா கோவத்துல இருக்காரா" என்று அம்மாவிடம் கேட்டாயாம். இது கோபம் இல்லை, முடிவு. தினமும் என்னைக் கூப்பிட்டு, என்ன கறி, சாளை என்ன விலை என்று நீ இழுத்து இழுத்துக் கேட்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா? சாளை விலையா உனக்கு வேண்டும்? என் பேச்சு குழறுகிறதா என்று காதை வைத்துப் பார்க்கிறாய். இனி கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேள். பதில் என் கையெழுத்தில் வரும். எழுத்து குழறுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள். இந்தத் துறையில் கலெக்டருக்கு மனு எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் என் எஞ்சின் பட்டறைக்குத்தான் வருகிறார்கள். குடிகாரன் கையெழுத்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகாது.

திருவிழாவில் நடந்ததை நீ பார்த்தாய். கொடியேற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குடிப்பழக்கம் உள்ளவர்கள் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, பைபிளில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சொன்னால்தான் தேர் தூக்கலாம். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் குடிக்காதவன் எதை விடுகிறேன் என்று சத்தியம் செய்வது? பைபிளில் கை வைத்துப் பொய் சொல்லச் சொல்கிறார்களா? பங்குப் பேரவையின் துணைத் தலைவர் சகாயம் அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னதை நீயும் கேட்டாய். "லேய் சிலுவை, ஒரு நிமிசம் முட்டுகுத்தி நின்னா உனக்க முட்டு தேஞ்சா போவும்? உனக்க கண்ணு ஊருக்கே சாட்சி சொல்லுகு." பத்து வருஷத்துக்கு மேலாக இதே பேச்சு. தேரின் முன்கம்பு நம் வீட்டு உரிமை. அதை விட்டு நான் ஓரத்தில் நிற்பதும் பத்து வருஷத்துக்கு மேலாகிறது.

சகாயம் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் நீ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, ஒருக்கா முட்டுகுத்தித்தான் நில்லுங்களேன், எல்லாம் முடிஞ்சி போவும்லா" என்று சொன்னாயே. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற என் மகள். அதுதான் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

பனைமரத்தின் அடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். நான் அந்தப் பனைமரத்தின் பக்கமே போகாதவன்.

சிலுவைதாசன்


பெங்களூர்
20 பிப்ரவரி 2024

அப்பாவுக்கு,

உங்கள் எழுத்து நேராகத்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது.

உங்களுக்கு மட்டும்தான் வலி என்பது போல எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஜினிஷா இல்லை, தெரியுமா? "மஞ்சக்கண்ணனுக்க மவ." யாராவது வீடு கேட்டு வந்தால் பஸ் நிறுத்தத்தில் இருப்பவர்கள், "மஞ்சக்கண்ணன் வீடா, அந்தா அந்த நீல கேட்டு" என்று கை காட்டுவார்கள். சனிக்கிழமைகளில் அம்மா உங்களை வாசலில் நிறுத்தி "ஊதுங்க" என்று சொல்வதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். நீங்கள் ஊதிவிட்டு, "மண்ணெண்ணெ வாசம்தான் வருது, பாத்துக்க" என்று சொல்லி உள்ளே போவீர்கள். எஞ்சின் பார்க்கிற ஆளிடம் மண்ணெண்ணெய் வாசம்தான் வரும். அதற்குக் கீழே வேறு வாசம் இருக்கிறதா என்று அம்மா நின்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? தாத்தா குடித்தே செத்தார். அதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவர் கண்ணும் மஞ்சள். உங்கள் கண்ணும் மஞ்சள். பாதி வேலையில் களைத்துப் போய்ப் படகு நிழலில் படுத்துவிடுகிறீர்கள். எனக்கும் கண் கொஞ்சம் மங்கலான மஞ்சள்தான், ஆனால் எனக்குச் சின்ன வயதில் காமாலை வந்தது. அம்மா வருஷாவருஷம் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தாள். ஹாஸ்டலில் எல்லாரும் கண்ணையே பார்த்ததால் லேசான நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், இன்னும் அதைத்தான் போடுகிறேன். உங்களுக்கும் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. கீழாநெல்லிக்குக் கேட்காத மஞ்சள் குடி மஞ்சள் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்வதை மட்டும் வைத்து நான் நினைக்கவில்லை, ஆனால் வேறு என்ன நினைக்க?

அது கிடக்கட்டும். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறீர்களாம். அம்மா சொன்னாள். எனக்கு நீங்கள் எழுதவில்லை. தயவுசெய்து நாகர்கோவிலுக்குப் போய் ஒரு டாக்டரைப் பாருங்கள். குடிக்கிறீர்களா இல்லையா என்று நான் இனிக் கேட்கவில்லை. வலிக்கு மருந்து வாங்குங்கள், அது போதும்.

ஜினிஷா


கல்லடித்துறை
16 மார்ச் 2024

ஜினிஷாவுக்கு,

உன் சொல் கேட்டு டாக்டரிடம் போனேன். போன கதையைக் கேள்.

நான் உட்கார்ந்தேன். வலி எங்கே என்று கேட்கவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை. என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "எத்தன வருசமா குடிக்கீங்க?" என்றார். நான் குடிப்பதில்லை என்றேன். "இஞ்ச வாற எல்லாரும் இதத்தான் சொல்லுகாவ" என்று பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். சீட்டில் என்னமோ எழுதினார். "மொதல்ல அத நிறுத்துங்க, பெறவு வலியப் பாப்போம்." நான் சீட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன் அம்மா பின்னால் நின்று, "மன்னிக்கணும் டாக்டர், அவரு அப்பிடித்தான்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். எதற்கு மன்னிப்பு? யார் செய்த குற்றத்துக்கு?

இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கமாட்டேன். வலித்தால் வலிக்கட்டும். குடிகாரன் என்ற பெயரோடு குணமாவதைவிடக் குடிக்காதவனாக வலியில் கிடப்பது மேல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு இடத்தில் நீ எழுதியிருப்பதை நீயே திரும்ப வாசித்துப் பார். உன் கண் மஞ்சளாக இருந்தால் காமாலை. என் கண் மஞ்சளாக இருந்தால் சாராயம். உனக்குக் கீழாநெல்லி கேட்டதா? உன் கண் வெளுத்ததா? வெளுத்தால் நிறக் கண்ணாடி எதற்கு? மகளுக்கு ஒரு நியாயம், அப்பனுக்கு ஒரு நியாயம். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நம் ஊரில் தலைகீழ். மஞ்சள் என் கண்ணில் இருக்கிறது, எல்லாவற்றையும் மஞ்சளாகப் பார்ப்பவர்கள் நீங்கள்.

என் அப்பா குடித்தார். ஆமாம். அவர் குடித்து உளறியதைப் பார்த்துத்தான் நான் அந்த நாற்றமே ஆகாது என்று இருந்தேன். அதை யாரிடம் சொல்ல? சொன்னால் அதையும் குடித்துவிட்டு உளறுகிறான் என்பார்கள்.

சிலுவைதாசன்


பெங்களூர்
9 ஜூன் 2024

அப்பாவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பதில் கோபமாகத்தான் வந்தது, கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக. இங்கே ஒரு பெரிய அவமானம் நடந்துவிட்டது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் எவ்வளவு மெத்தென்று இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு சிவப்பணு நம் உடம்பில் போகிற வழி பல இடங்களில் அதைவிடக் குறுகல். அது வளைந்து, நசுங்கி, அடுத்த பக்கம் போய்த் திரும்பவும் பழைய உருவத்துக்கு வர வேண்டும். கண்ணாடியில் முடியைவிடச் சன்னமான ஓடைகள் வெட்டியிருக்கிறோம். அதன் வழியே ரத்தத்தை விட்டு, ஒவ்வொரு அணுவும் எவ்வளவு எளிதாக நுழைந்து போகிறது என்று கேமராவில் பார்ப்போம். விறைப்பான அணு தாமதிக்கும். மெத்தென்ற அணு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கருவிக்கு முதலில் ஒழுங்கான ரத்தம் எது என்று காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்ற ரத்தங்களை அது அளக்கும். அதற்குத் தினமும் யாராவது விரலைக் குத்திக்கொள்ள வேண்டும். இங்கே எல்லாரும் ஊசி என்றால் பின்வாங்குகிற வீரர்கள். அதனால் நான்தான் தினமும் குத்திக்கொள்வேன். இரண்டு வருஷமாக எங்கள் கருவிக்கு ஒழுங்கான ரத்தம் என்றால் என் ரத்தம்.

சர்க்கரை நோயாளிகளின் சிவப்பணு விறைத்துப் போகும் என்பது உலகத்துக்கே தெரியும். எங்கள் கருவி மட்டும் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பேராசிரியர், உலகம்தான் தப்பு என்று ஒரு கூட்டத்தில் பேசியே விட்டார். போன மாதம் பிரிஜா என்று புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். நான் லீவில் இருந்த ஒரு நாள் விளையாட்டுக்குத் தன் விரலைக் குத்திக்கொண்டாள். கருவி அவள் ரத்தம் கெட்டுப் போயிருக்கிறது, அளவுக்கு மீறித் தொளதொளவென்று இருக்கிறது என்றது. அவள் அழுதுவிட்டாள். சரி, நம்முடையதையும் பார்ப்போம் என்று ஒவ்வொருவராகக் குத்திக்கொண்டார்கள். எல்லாருக்கும் நோய். வாட்ச்மேனுக்கும் நோய். அந்தக் கட்டடத்தில் ஆரோக்கியமான ஒரே ஆள் நான்தான்.

அப்புறம் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விறைப்பு என் ரத்தத்தில்தான், அப்பா. கருவி இரண்டு வருஷமாக என்னை வைத்து உலகத்தை அளந்துவிட்டது. பேராசிரியர் எல்லார் முன்னாலும் கத்தினார். என் வீட்டு ரத்தத்தை யார் கேட்டது என்றார். ஊசிக்குப் பயந்து அவர் கையை எடுத்துக்கொண்டது அவருக்கு மறந்துவிட்டது. நானும் அதைச் சொன்னேன், சும்மா இருக்கவில்லை.

டாக்டரிடம் போய்ப் பார்த்தேன். என் சிவப்பணுக்கள் தட்டையாக இல்லை, உருண்டையாக இருக்கின்றனவாம். காற்று குறைந்த பந்து வேலி இடுக்கில் நசுங்கி நுழைந்துவிடும். முழுக்கக் காற்றடைத்த பந்து நுழையாது, மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொள்கிற இடம் மண்ணீரல். மாட்டியதெல்லாம் அங்கே உடைகிறது. உடைந்த ரத்தத்தின் மஞ்சள் கண்ணில் ஏறுகிறது. ரத்தம் குறைவதால் களைப்பு. அந்த மஞ்சள் பித்தப்பையில் கல்லாகவும் சேரும். வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே வலிக்கும்.

இது பிறவியிலேயே வருவது. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வருவது. அம்மா கண் பளிங்கு போல வெள்ளை.

உங்கள் ரத்தம் கொஞ்சம் வேண்டும். நான் வந்து எடுக்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஜினிஷா


கல்லடித்துறை
28 ஜூன் 2024

ஜினிஷாவுக்கு,

முடியாது.

இதோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். மனது ஆறவில்லை, எழுதுகிறேன்.

நீ எழுதிய பந்தும் வேலியும் எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களையில் போய் நின்றுவிட்டாள். இது உண்மையாக இருந்தால் என் கண்ணில் இருப்பது என் அப்பன் கொடுத்த ரத்தம், பாட்டில் கொடுத்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? வரவில்லை. கோபம்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இருபது வருஷம் என் வாயால் சொன்னேன், குடிக்கவில்லை என்று. மாதா மேல் ஆணையிட்டுச் சொன்னேன். உன் தலையில் கை வைத்துச் சொன்னேன், உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா முன்னால் வாராவாரம் ஊதினேன். கட்டிய பெண்டாட்டி முன்னால் வாயைத் திறந்து நிற்பது ஒரு ஆணுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா? அதையெல்லாம் நம்பாத நீ, இப்போது என் விரலில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி ஓடையில் விட்டு, அது மாட்டிக்கொண்டால் நம்புவாய். அப்பன் சொல் பொய், அப்பன் ரத்தம் மெய். அந்த ரத்தம் மாட்டாமல் நழுவிப் போய்விட்டால்? அப்போது நான் குடிகாரன்தானே?

ரத்தம் தருகிறேன். ஒரு நிபந்தனை. அதற்கு முன்னால் நீ உன் கையால் எழுது: என் அப்பா குடிக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகு எழுதாதே. பார்த்த பிறகு எழுதுவது ரத்தத்துக்குச் சொல்வது, எனக்குச் சொல்வதில்லை.

வலி கூடத்தான் இருக்கிறது. நேற்று பட்டறையில் ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வழியாகப் போன சகாயம், "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆனாலும் எழுத்து வராமல் விரலை நீட்டமாட்டேன். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அதையும் கருவியில் வைத்துப் பார்.

சிலுவைதாசன்


பெங்களூர்
14 ஜூலை 2024

அப்பாவுக்கு,

ஒரு வாரமாக இந்தக் காகிதத்தை மேசையில் வைத்திருக்கிறேன்.

ஒரே வரிதான், எழுதிப் போட்டுவிடலாம். எழுதினால் நீங்கள் விரலை நீட்டுவீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வலி தீரும். அதற்காக எழுதினால் அது பைபிளில் கை வைத்துப் பொய் சொல்வது போல. நீங்கள் செய்ய மறுத்த காரியத்தை நான் உங்களிடமே செய்ய முடியாது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பிப்ரவரியில் கேட்டிருந்தால் என்னால் இதை எழுதியிருக்க முடியாது. நான் நம்பவில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில், உனக்குக் காமாலை எனக்குச் சாராயமா என்று கேட்டிருந்தீர்களே, அன்றைக்கே எனக்கு உள்ளே ஒன்று உறைத்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது, அதனால்தான் பதிலைக் கிழித்தேன். இரண்டு வருஷம் என் ரத்தத்தை ஒழுங்கு என்று வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தப்பாக அளந்தேன். உங்களை அளந்ததும் அப்படித்தான். வீட்டில் அம்மாவுடைய வெள்ளைக் கண்ணை மட்டும் ஒழுங்கு என்று வைத்துக்கொண்டேன்.

என் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன், உங்களுடையதைப் பார்க்கவில்லை. அதனால் என் நம்பிக்கையில் பாதி என் ரத்தத்திலிருந்து வருகிறது. அதை மறைக்க மாட்டேன். மீதிப் பாதி உங்களிடமிருந்து வருகிறது. இவ்வளவு வலியிலும் ஒரு பொய்ச் சத்தியம் செய்யாத மனுஷன் தினமும் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்பதிலிருந்து.

என் அப்பா குடிக்கவில்லை. ஒருநாளும் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். விரலைக் கழுவி வையுங்கள்.

ஜினிஷா


கல்லடித்துறை
6 ஜனவரி 2025

ஜினிஷாவுக்கு,

நாம் போனில் பேச ஆரம்பித்து எத்தனையோ மாதமாகிவிட்டது. ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு நம்பிக்கை இல்லை. சொன்னால் குரல் நடுங்கும், நீ பழைய ஞாபகத்தில் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய். ஆகவே எழுத்து.

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அம்மாவும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மண்ணீரலையும் கல் நிறைந்த பித்தப்பையையும் எடுத்த பிறகு நான் ஒரு நாள் கூடப் படகு நிழலில் படுக்கவில்லை. கண் வெளுத்துவிட்டது. முகம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் யாரோ ஒருவன் நிற்பது போல இருக்கிறது. உன் அம்மா இப்போது ஊதச் சொல்வதில்லை. பழக்க தோஷத்தில் நான்தான் ஒருநாள் வாசலில் நின்று வாயைத் திறந்துவிட்டேன். அவள் அழுதாள். அதெல்லாம் இருக்கட்டும்.

நேற்று ஞாயிறு, உறுதிமொழி ஞாயிறு. வழக்கம் போல முழங்காலில் நின்றார்கள். பிறகு பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னார், கேள். "நம் பங்கில் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகள் அந்தப் பழக்கத்துக்கு அடிமையாக இருந்தவர். ஆண்டவர் அவரைத் தொட்டார். இன்று அவர் கண்களைப் பாருங்கள், எவ்வளவு தெளிவாக இருக்கின்றன. சிலுவைதாசனை எல்லாரும் முன்மாதிரியாகக் கொள்ளுங்கள்." கோவிலில் கை தட்டினார்கள், ஜினிஷா. இருபது வருஷம் என்னைத் திட்டியவர்கள் இப்போது எனக்காகக் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "ஃபாதர், நான் குடிச்சது இல்ல" என்று சொன்னேன். அவர் அன்பாகச் சிரித்தார். "பழசெல்லாம் மறந்தாச்சு சிலுவ, ஆண்டவரும் மறந்தாச்சு." எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் சகாயத்திடம் காட்டினேன். பிறவி நோய், ரத்த அணு உருண்டை என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்த்தான். "மண்ணீரல எடுத்தாச்சுன்னு இருக்குலா. குடிச்சிக் குடிச்சி அழுகிப் போனதத்தான எடுத்திருப்பாவ. எடுத்தாச்சில்லா, விடுடே. முன்கம்பு உனக்குத்தான்." என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் வாயில் அடித்த நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஒரு மணிநேரத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவன் அவன்.

கண் மஞ்சளாக இருந்தபோது குடிக்கிறான் என்றார்கள். கண் வெளுத்ததும் குடியை விட்டுவிட்டான் என்கிறார்கள். ஒரு மனுஷன் குடிக்கவே இல்லை என்பதற்கு இந்த ஊரில் இடமே இல்லை. நோயோடு இருந்தபோது, பொய்யன் என்றாலும் என் பக்கம் ஒரு வழக்காவது இருந்தது. இப்போது குணமாகி, அவர்கள் சொன்ன பொய்க்கு நானே அத்தாட்சியாகிவிட்டேன். முன்கம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைப் பிடித்தால் பிரசங்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

உனக்கு அறுவை இப்போது தேவையில்லை, லேசானதுதான் என்று டாக்டர் சொன்னார் அல்லவா. நல்லது. இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி தேர். அதற்கு வா. அந்த நிறக் கண்ணாடியைப் பெங்களூரிலேயே வைத்துவிட்டு வா. உன் மஞ்சள் கண்ணோடு என் பக்கத்தில் நில். வேறொன்றும் பேச வேண்டாம். நான் சொல்லி ஆகாததை அவர்கள் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

இதை உன்னிடம் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பெண்பிள்ளையை ஊர் பார்க்க நிறுத்துகிறான் என்பார்கள். சொல்லட்டும். உனக்கு மனதில்லை என்றால் வராதே, நான் கோபப்படமாட்டேன்.

அப்பா


பெங்களூர்
11 ஜனவரி 2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிஜாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் என்னைவிட அதிகமாகக் கொதித்தாள். இப்போது எங்கள் கருவிக்கு ஒழுங்கான ரத்தம் அவளுடையது. என் ரத்தம் தனியாக ஒரு பெட்டியில் இருக்கிறது, பக்கத்தில் உங்களுடையது. இரண்டையும் ஓடையில் விட்டால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதே இடத்தில் தயங்குகின்றன, அதே மாதிரி மாட்டிக்கொள்கின்றன.

கோவிலில் நீங்கள் எழுந்து நின்றபோது உங்கள் பக்கத்தில் ஒருவரும் எழவில்லை என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவாவது எழுந்திருக்கலாம். அவளிடம் நானே கேட்கிறேன்.

கண்ணாடியை நேற்றே கழற்றி மேசை இழுப்பில் போட்டுவிட்டேன். பஸ்ஸில் ஒரு அம்மா என் கண்ணையே பார்த்துவிட்டு, "காமாலையா?" என்று கேட்டார். இல்லை, அப்பாவுடைய கண் என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் இறங்குகிறேன். தேரன்றைக்கு நாம் இருவரும் முன்கம்புக்குப் பக்கத்தில், வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் நிற்போம். கம்பைப் பிடிக்க வேண்டாம். எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்கட்டும். சகாயம் மாமாவே கேட்டால் ரொம்ப நல்லது. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வீட்டு வாசலில் கால் வைக்கும் முன் முதலில் நான் ஊதிக் காட்டுவேன்.

ஜினிஷா